குறைந்தபட்சத் தரவுத்தளப் பதிப்பு: எங்கே கோடு போடுவது?

மென்பொருள் ஒன்றின் நிறுவல் கையேட்டில் "போஸ்ட்கிரெஸ் 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை" என்று ஒரு வரி இருக்கும். படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். எழுதியவருக்கோ அது பல மாத விவாதத்தின் முடிவாக இருக்கலாம். 14-இலும் அதற்கு மேலும் ஓட்டிச் சோதித்திருக்கிறோம், அங்கே பிழை வந்தால் திருத்தித் தருவோம் என்பது அந்த வரி கொடுக்கும் வாக்கு. 13-இல் ஓடவே ஓடாது என்று அது சொல்லவில்லை. ஓடக்கூடும், ஓடாவிட்டால் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். "ஓடும்" வேறு, "ஆதரிக்கிறோம்" வேறு. பல திட்டங்களின் கையேடுகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன. வேர்ட்பிரஸ் இதைக் கொஞ்சம் தெளிவாகவே செய்கிறது: நிறுவ அனுமதிக்கும் எண் ஒன்று, பரிந்துரைக்கும் எண் வேறொன்று.

எண் தாழ்வாக இருந்தால் பத்தாண்டுக்கு முந்தைய தரவுத்தளத்தின் குறைகளை நிரல் இன்றும் சுமக்க வேண்டியிருக்கும். உயர்வாக இருந்தால், நேற்றுவரை சிக்கலின்றி ஓட்டிக்கொண்டிருந்த பயனர் அடுத்த வெளியீட்டில் வெளியே நிற்பார். எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் எண்ணைத் தீர்மானிப்பது எது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்: தரவுத்தள சர்வர் யார் கையில் இருக்கிறது, அதை அப்கிரேட் செய்யும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் அது. புதிய வசதிகளின் மேல் நிரலாளருக்கு உள்ள ஆசை அதற்கு அடுத்துத்தான் வரும். விவாதங்கள் மட்டும் பெரும்பாலும் அந்த ஆசையில்தான் தொடங்குகின்றன.

தயாரிப்பாளரின் ஆயுள் கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது தரவுத்தளத் தயாரிப்பாளர் தன் பதிப்புகளுக்கு எவ்வளவு ஆயுள் கொடுக்கிறார் என்பது. இந்தக் கணக்கில் போஸ்ட்கிரெஸ் மிக ஒழுங்கானது. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, வழக்கமாகச் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வெளியாகும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு பராமரிப்பு. 2017 அக்டோபரில் வந்த 10-ஆம் பதிப்பு 2022 நவம்பரில் முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த 13, 2025 நவம்பரில் முடிந்தது. ஆகவே ஏறத்தாழ எந்த நாளில் பார்த்தாலும் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும். "உயிரோடு இருப்பதை எல்லாம் ஆதரிப்போம், மற்றதை விடுவோம்" என்று ஒரு திட்டம் முடிவெடுத்துவிட்டால் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் விவாதம் நடத்தத் தேவையே இல்லை. நாட்காட்டியைப் பார்த்தால் போதும்.

மைஎஸ்கியூஎல்லின் கணக்கு நீளமானது. 5.7 பதிப்பு 2015 அக்டோபரில் வந்து 2023 அக்டோபர் வரை, எட்டாண்டு இருந்தது. 2018 ஏப்ரலில் வந்த 8.0-க்கும் 2026 ஏப்ரல் வரை அதே எட்டாண்டு. நீண்ட ஆயுள் நல்லதுபோலத் தெரியும். ஆனால் 8.0 என்ற எண்ணுக்குள் ஒரே தரவுத்தளம் இல்லை. போஸ்ட்கிரெஸில் 14.1, 14.2 என்று வருபவை பிழைத் திருத்தங்கள் மட்டுமே, மைஎஸ்கியூஎல் 8.0-இலோ கடைசி எண் மாறும்போது புது வசதிகளும் வந்து சேர்ந்தன. சார்பு இன்டெக்ஸ் 8.0.13-இல் வந்தது, லேட்டரல் இணைப்பு 8.0.14-இல், இன்டர்செக்டும் எக்செப்டும் 8.0.31-இல்.

இதில் மிக மோசமானது செக் கட்டுப்பாட்டின் கதை. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று டேபிளை உருவாக்கும்போதே ஒரு செக் எழுதுவது எல்லாத் தரவுத்தளங்களிலும் உள்ள வழக்கம். 8.0.16-க்கு முந்தைய மைஎஸ்கியூஎல் அந்த வரியைப் பிழை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்; பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடும். டேபிள் உருவாகும், எச்சரிக்கை வராது, மைனஸ் 50 என்ற விலையும் உள்ளே போகும். வசதி இல்லாமல் பிழை காட்டி நின்றுவிடும் பழைய பதிப்பு அவ்வளவு ஆபத்தானதல்ல; வசதி இருப்பதுபோல் நடிக்கும் பழைய பதிப்புதான் ஆபத்து. செக் கட்டுப்பாட்டை நம்பும் ஒரு திட்டம் "மைஎஸ்கியூஎல் 8.0" என்று கையேட்டில் எழுதினால் அது போதாது, "8.0.16" என்று மூன்றாம் எண் வரை எழுதியாக வேண்டும். 2023-இல் புதுமை வெளியீடு, நீண்டகால வெளியீடு என்று மைஎஸ்கியூஎல் இரண்டாகப் பிரித்துக்கொண்டதும், 2024 ஏப்ரலில் 8.4-ஐ நீண்டகால வெளியீடாக அறிவித்ததும் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும்.

போஸ்ட்கிரெஸிலும் சில வேளைகளில் சிறிய எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். 14.0 முதல் 14.3 வரை, எழுதுவதைத் தடுக்காமல் இன்டெக்ஸ் கட்டும் கட்டளை இன்டெக்ஸையே பழுதாக்கக்கூடிய பக் ஒன்று இருந்தது. அதற்காகவே 2022 ஜூனில், வழக்கமான அட்டவணைக்கு வெளியே, 14.4 வந்தது. மைக்ரேஷன்களில் அந்தக் கட்டளையைப் பயன்படுத்தும் திட்டத்துக்கு 14-ஆம் பதிப்பில் உண்மையான குறைந்தபட்சம் 14.4.

மரியாடிபியும் தேர்ந்தெடுத்த சில பதிப்புகளுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கிறது: 10.6, 10.11, 11.4 ஆகியவை அப்படிப்பட்டவை. எஸ்கியூலைட்டில் கிளைகளே கிட்டத்தட்ட இல்லை. பிழை திருத்தம் வேண்டுமென்றால் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஈடாக, 2050 வரை ஆதரவு தொடரும் என்று அதன் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

லினக்ஸ் வழியாக வரும் பதிப்பு

தரவுத்தளத்தை அதன் தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக வாங்கி நிறுவுபவர்கள் குறைவு. பலர் தங்கள் லினக்ஸ் எதைத் தருகிறதோ அதையே வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டாவது நாட்காட்டி ஒன்று இருக்கிறது. அது முதலாவதோடு ஒத்துப்போவதில்லை.

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-உடன் வந்தது போஸ்ட்கிரெஸ் 9.2. போஸ்ட்கிரெஸ் குழு அந்தப் பதிப்பை 2017 நவம்பரில் கைவிட்டது. ஆனால் அந்த லினக்ஸின் பராமரிப்பு 2024 ஜூன் வரை நீடித்தது. இடையில் கிடந்த ஆறரை ஆண்டுகளில், "நாங்கள் உயிருள்ள இயங்குதளத்தில்தானே இருக்கிறோம்" என்று பயனர் சொல்வதும் நியாயம். "அந்தத் தரவுத்தளம் எப்போதோ செத்துவிட்டதே" என்று திட்டக் குழு சொல்வதும் நியாயம்.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஒரு வேடிக்கையான ஒழுங்கு அமைந்துவிட்டது. உபுண்டுவின் நீண்டகால வெளியீடுகளான 18.04, 20.04, 22.04, 24.04 ஆகியவை முறையே போஸ்ட்கிரெஸ் 10, 12, 14, 16-ஐத் தந்தன. டெபியன் 10, 11, 12, 13 ஆகியவை 11, 13, 15, 17-ஐத் தந்தன. ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. இரண்டும் ஈராண்டுக்கு ஒருமுறை, ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில் வருவதால் நேர்ந்தது இது. விளைவு என்னவென்றால், எந்த எண்ணில் கோடு போட்டாலும் இரண்டில் ஒன்றின் பயனர்கள் ஒருபடி கூடுதலாகப் பாதிக்கப்படுவார்கள். 2024 ஆகஸ்டில் வந்த ட்ரூப்பல் 11, போஸ்ட்கிரெஸ் 16-ஐயும் எஸ்கியூலைட் 3.45-ஐயும் குறைந்தபட்சமாக வைத்தது. உபுண்டு 24.04-இல் இருப்பது சரியாக இவைதான். அன்றைய டெபியன் 12-இல் இருந்தவையோ 15-உம் 3.40-உம். போஸ்ட்கிரெஸ் குழு டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் தனிக் களஞ்சியம் நடத்துவதால் புதிய பதிப்பை நிறுவுவது கடினமல்ல என்று பதில் சொல்லலாம். வெளிக் களஞ்சியங்களை அனுமதிக்காத அலுவலகங்களில் அந்தப் பதில் செல்லாது.

எஸ்கியூலைட் தனி சர்வராக ஓடாமல் லைப்ரரியாக நிரலுக்குள்ளேயே ஓடுவதால், இங்கே அடி இன்னும் நேராக விழும். 2019 ஏப்ரலில் வெளியான ஜாங்கோ 2.2 குறைந்தபட்சத்தை 3.8.3-க்கு உயர்த்தியது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்ததோ 2013-ஐச் சேர்ந்த 3.7.17. பைத்தான் தன் எஸ்கியூலைட்டை இயங்குதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்; புதிய ஜாங்கோ திட்டம் தொடங்கினால் இயல்பாக அமைவதும் எஸ்கியூலைட்தான். ஆகவே பாடநூலைப் பார்த்து முதல் கட்டளையை அடித்தவருக்கே "3.8.3 அல்லது பிந்தையது தேவை, இருப்பது 3.7.17" என்ற செய்தி வந்து நின்றது. எஸ்கியூலைட்டைத் தாமே கம்பைல் செய்துகொள்வது எப்படி என்ற குறிப்புகள் அதன்பின் இணையமெங்கும் பெருகின. செய்தி தெளிவாக இருந்தது என்பதை மட்டும் ஜாங்கோவின் பக்கத்தில் சொல்ல வேண்டும்: தேவை எது, இருப்பது எது என்ற இரண்டும் அதில் இருந்தன.

சர்வர் யார் கையில்

ஒரு நிறுவனம் தன் சர்வரில் தானே ஓட்டும் சேவைக்கு இந்தக் கேள்வியே பெரிதல்ல. ஓடுவது ஒரே பதிப்பு. அதுவே குறைந்தபட்சமும் அதிகபட்சமும். எழுதுபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்று ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கோடியில் வேர்ட்பிரஸ். அதன் பயனர்களில் பெரும்பகுதியினர் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள். மைஎஸ்கியூஎல்லின் பதிப்பை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை, பலருக்கு அப்படியொன்று ஓடுவதே தெரியாது. 2011 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 3.2 மைஎஸ்கியூஎல் 5.0-ஐக் குறைந்தபட்சமாக்கியது. அந்த எண் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அசையவில்லை. 2024 ஏப்ரலில் வந்த 6.5-தான் அதை 5.5.5 ஆக்கியது, இனோடிபி இயல்பு எஞ்சினாக மாறிய பதிப்பு அது. இத்தனைக்கும் வேர்ட்பிரஸிடம் ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு தளமும் புதுப்பிப்பு உண்டா என்று கேட்கும்போது தன் பிஎச்பி, தரவுத்தளப் பதிப்புகளையும் சேர்த்து அனுப்புகிறது. யார் எதில் இருக்கிறார்கள் என்ற விகிதம் பொதுவில் வெளியிடப்படுகிறது. பெரும்பாலான திட்டங்களுக்கு இந்த வசதி இல்லை. அவை மன்றங்களில் சத்தமாகப் பேசுபவர்களை வைத்துப் பயனர்களை எடைபோடுகின்றன. அது நம்பத்தக்க அளவுகோல் அல்ல.

மறு கோடியில் கிட்லேப். அதன் நிறுவல் தொகுப்புக்குள்ளேயே போஸ்ட்கிரெஸ் வருகிறது. தொகுப்பை அப்கிரேட் செய்யும்போது தரவுத்தளத்தையும் அதுவே அப்கிரேட் செய்து தர முடியும். ஆகவே துணிவாக உயர்த்த முடிந்தது: 14.0-இல் போஸ்ட்கிரெஸ் 12, 16.0-இல் 13, 17.0-இல் 14, 18.0-இல் ஒரே தாவலில் 16. அதற்கும் முன், 2019 ஜூலையில் வந்த 12.1-இல், மைஎஸ்கியூஎல் ஆதரவை மொத்தமாகவே விட்டுவிட்டது. லேட்டரல் இணைப்பு, பகுதி இன்டெக்ஸ் போன்றவை அங்கே இல்லாதது, இரண்டு தரவுத்தளங்களுக்கும் பொதுவான வசதிகளுக்குள்ளேயே நிரலை அடக்க வேண்டியிருந்தது ஆகியவை சொல்லப்பட்ட காரணங்கள். தரவுத்தளத்தைக் கூடவே கொடுக்கும் திட்டத்துக்குக் குறைந்தபட்சம் என்பது தன் பொறுப்பு. கொடுக்காத திட்டத்துக்கு அது அடுத்தவர் தலையில் வைக்கும் வேலை.

கைபேசிச் செயலிகளில் நிலைமை வேறு மாதிரி. ஆண்ட்ராய்டில் எஸ்கியூலைட் இயங்குதளத்தோடு வருகிறது. "இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்" என்ற அப்சர்ட் கட்டளை எஸ்கியூலைட்டில் 2018 ஜூனில், 3.24-இல் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9, 10 இரண்டிலும் இருப்பது 3.22. ஆண்ட்ராய்டு 11-இல்தான் 3.28 வந்தது. ஆக அந்த ஒரு கட்டளைக்காகச் செயலியின் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பையே உயர்த்த வேண்டும், அல்லது செயலிக்குள் தனி எஸ்கியூலைட்டைச் சேர்த்துக் கட்டி அதன் அளவைப் பெருக்க வேண்டும். இரண்டாவது வழிக்குப் போகும் செயலிகள் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதைக் கொண்டுசேர்க்கும் கடமையும் அதன்பின் அந்தச் செயலியுடையதே.

மேகச் சேவைகள் புதிதாக ஒரு சிக்கலைச் சேர்த்திருக்கின்றன. அமேசான் ஆர்டிஎஸ், மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2024 மார்ச் முதலும் போஸ்ட்கிரெஸ் 11-க்கு அதே ஆண்டு ஏப்ரல் முதலும் தனிக் கட்டணத்தில் நீட்டிப்பு ஆதரவு தருகிறது. மூன்றாண்டு வரை அப்படி நீட்டிக்கலாம். பணம் கட்டும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அவர் பதிப்பு இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் கட்டணத்தை வாங்குவது மேகச் சேவை. இலவசமாக மென்பொருள் எழுதித் தரும் திட்டம் அந்த நீட்டிப்பையும் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை.

வசதிக்காக உயர்த்துவது

எல்லாப் புதிய வசதியும் எண்ணை உயர்த்தத் தகுதியானதல்ல. ஒரு வரி மிச்சமாகும் என்பதற்காக ஆயிரம் பேரை அப்கிரேட் செய்யச் சொல்வது அதிகம். வேறு வழியில் செய்ய முடியாதவை, செய்தாலும் பிழையில் முடிபவை ஆகியவற்றுக்குத்தான் எடை அதிகம். அப்சர்ட் அப்படிப்பட்டது: போஸ்ட்கிரெஸ் 9.5-க்கு முன் அதை நிரலில் செய்தவர்கள், இரண்டு பேர் ஒரே நொடியில் எழுதும் சூழலைக் கையாளச் சுழலும் மறுமுயற்சியும் எழுத வேண்டியிருந்தது. 11-ஆம் பதிப்பிலிருந்து, இயல்பு மதிப்புள்ள புதிய நெடுவரிசையைப் பெரிய டேபிளில் சேர்க்கும்போது டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை; கோடிக்கணக்கான வரிசைகள் கொண்ட டேபிளில் மணிக்கணக்கான பூட்டுக்கும் சில மில்லிநொடிக்கும் உள்ள வேறுபாடு அது. 13-இல் யூயூஐடி உருவாக்கும் சார்பு உள்ளேயே வந்தது. முன்பு அதற்கு ஒரு நீட்சியை நிறுவ வேண்டும், நிறுவ சூப்பர்யூசர் உரிமை வேண்டும்; நிறுவல் கையேட்டின் ஒரு படி இதனால் மறைந்தது.

எழுத்துக் குறியாக்கம் தமிழருக்கு நேராகத் தொடர்புள்ளது. மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது எழுத்துக்குறி ஒன்றுக்கு மூன்று பைட் வரை மட்டுமே சேமிக்கும். வழக்கமான தமிழ்க் குறிகள் சரியாக மூன்று பைட்டில் அடங்கும்: "தமிழ்" என்பது ஐந்து குறிகள், 15 பைட். ஆகவே தமிழ் மட்டும் எழுதியவருக்குக் குறை தெரியவில்லை. பக்கத்தில் ஒரு இமோஜி போட்டதும் நான்கு பைட் ஆகிவிடும். கண்டிப்பு முறை அணைந்திருந்தால் அந்த இடத்திலிருந்து மீதி வாக்கியம் முழுவதும் வெட்டுண்டு போகும். 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த மா, காணி, முந்திரி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். கல்வெட்டையோ நிலக்கணக்குச் சுவடியையோ உள்ளிட நினைப்பவருக்கு இது இமோஜியைவிடப் பெரிய தடை.

இதற்குத் தீர்வான யூடிஎஃப்8எம்பி4 மைஎஸ்கியூஎல் 5.5.3-இல் வந்தது. வேர்ட்பிரஸின் குறைந்தபட்சமோ அப்போது 5.0. அதனால் 2015 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 4.2, சர்வரின் பதிப்பையும் இணைப்பு லைப்ரரியின் பதிப்பையும் ஓடும்போதே பார்த்து, முடிந்தால் மாற்றி, முடியாவிட்டால் பழையபடி விட்டது. இன்னொரு தொல்லையும் வந்தது. அன்றைய இனோடிபியில் இன்டெக்ஸ் நீளம் 767 பைட்டுக்கு மேல் போகாது. 255 குறிகளுக்கு மும்மூன்று பைட் என்றால் 765, அடங்கும். நந்நான்கு என்றால் 1020; அடங்காது. நான்கால் வகுத்தால் 191 குறிகள். வேர்ட்பிரஸின் இன்டெக்ஸ்கள் 191 ஆகக் குறுகின. மைஎஸ்கியூஎல் 5.7-இல் இயல்பு வரம்பே 3072 பைட்டாகிவிட்டது, 8.0-இல் யூடிஎஃப்8எம்பி4 இயல்புக் குறியாக்கமாகவும் ஆனது.

வசதி கூடுவது ஒருபுறம் இருக்க, ஒரே குவரி இரண்டு பதிப்புகளில் இரண்டு விதமாக நடந்துகொள்வதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 11 வரை, வித் என்று தொடங்கும் துணைக் குவரி எப்போதும் தனியாகக் கணக்கிடப்பட்டது. ஆப்டிமைசரைக் கட்டுப்படுத்தவே அதைப் பயன்படுத்தியவர்கள் பலர். 12-இல் அது பொதுவாக முதன்மைக் குவரிக்குள் கரைக்கப்படுகிறது. பழைய நடத்தை வேண்டுமென்றால் மெட்டீரியலைஸ்ட் என்று எழுத வேண்டும். அந்தச் சொல்லை 11-க்குக் கொடுத்தால் இலக்கணப் பிழை. 11-ஐயும் 12-ஐயும் சேர்த்து ஆதரித்த திட்டம், வேகம் முக்கியமான இடங்களில் ஒரே குவரியை இரண்டு வடிவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்பை ஆதரிப்பதன் விலை இப்படிப்பட்ட இரட்டை வரிகளில்தான் தெரியும்.

பொய் சொல்லும் எண்கள்

பதிப்பைச் சரிபார்ப்பது சர்வரிடம் எண்ணைக் கேட்டு ஒப்பிடுவதோடு முடிந்துவிடும் என்று தோன்றும். மரியாடிபி 10-ஆம் வரிசை, இணைப்பின் தொடக்கத்தில் தன்னை "5.5.5-10.6" என்பதுபோல் அறிமுகம் செய்துகொண்டது. முதல் எண் ஒற்றை இலக்கமாகவே இருக்கும் என்று நம்பிய பழைய மைஎஸ்கியூஎல் நகலெடுப்பு நிரல்கள் குழம்பக் கூடாது என்பதற்காகப் போட்ட முன்னொட்டு அது. முன்னொட்டை வெட்டாமல் படித்த மென்பொருள்கள் புத்தம்புது மரியாடிபியை 2010-ஆம் ஆண்டு மைஎஸ்கியூஎல் என்று நினைத்து வெளியே தள்ளின. 11-ஆம் வரிசையில்தான் முன்னொட்டு போனது. அமேசான் ரெட்ஷிஃப்ட் இன்றும் தன்னைப் போஸ்ட்கிரெஸ் 8.0.2 என்றே சொல்லிக்கொள்கிறது. அதிலிருந்து கிளைத்தது உண்மை, ஆனால் வசதிகளில் இரண்டும் எங்கோ பிரிந்துவிட்டன. போஸ்ட்கிரெஸின் மொழியைப் பேசும் காக்ரோச்டிபியின் உள்நிரல் முற்றிலும் வேறு. எண் மட்டும் 13 என்று வரும்.

மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணமும் காலாவதியானது. மைஎஸ்கியூஎல் 5.7-இல் ஜேசன் தனி வகை. மரியாடிபியில் அது நீண்ட உரை வகைக்கு இன்னொரு பெயர். "மைஎஸ்கியூஎல் 8.0 அல்லது அதற்குச் சமமான மரியாடிபி" என்று கையேட்டில் எழுதுவது பொருளற்றது. இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனிச் சோதனை வேண்டும். ஜாங்கோ, ரெயில்ஸ் போன்றவை நிரலெங்கும் எண்ணை ஒப்பிடாமல், "இந்த வசதி உண்டா" என்று கேட்கும் கொடிகளை ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன. எண்ணை உயர்த்தும் நாளில் எந்தக் கொடி தேவையற்றதாகிறது என்பதும் இதனால் உடனே தெரியும்.

மேல் வரம்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் புதிய பதிப்பும் உடைக்கும். போஸ்ட்கிரெஸ் 14-இல் ஸ்கிராம் முறை இயல்புக் கடவுச்சொல் முறையானது. 10-க்கு முந்தைய இணைப்பு லைப்ரரியோடு கட்டிய டிரைவர்கள் அங்கே நுழைய முடியாது. 15-இல் புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களில் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கும் உரிமை சாதாரணப் பயனருக்குக் கிடையாது. பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் ஆனவற்றில் பழைய உரிமை அப்படியே இருக்கும் என்பதால், ஏற்கெனவே இருக்கும் தளம் ஓடும், புதிய நிறுவல் விழும். சோதனையில் இதைப் பிடிக்காத திட்டங்கள் பயனர் புகாரில்தான் அறிந்துகொண்டன.

எண்ணை உயர்த்தும் முறை

ஜாங்கோவின் வழக்கம் படிக்கத் தக்கது. எட்டு மாதத்துக்கு ஒரு வெளியீடு. வெளியீட்டுக்குச் சில மாதங்களில் ஆயுள் முடியப்போகும் தரவுத்தளப் பதிப்பை முன்கூட்டியே விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் முடியவிருந்த போஸ்ட்கிரெஸ் 10-ஐ ஆகஸ்டில் வந்த 4.1 விட்டது. 2023 நவம்பரில் முடியவிருந்த 11-ஐ அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த 4.2 விட்டது. 12-ஐ 5.1-உம் 13-ஐ 5.2-உம் அப்படியே. காரணத்தை வெளியீட்டுக் குறிப்பு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது: தயாரிப்பாளரின் ஆதரவு முடிகிறது. நீண்டகால வெளியீடுகளில் இந்த ஒழுங்கும் கொஞ்சம் இழுபடும். 4.2-இன் ஆதரவு 2026 ஏப்ரல் வரை; அது ஏற்கும் போஸ்ட்கிரெஸ் 12 முடிந்ததோ 2024 நவம்பரில். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, செத்த தரவுத்தளம் ஒன்றைச் சோதனையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ரெயில்ஸ் நேர் எதிர்: 2023 அக்டோபரில் வந்த 7.1-கூடப் போஸ்ட்கிரெஸ் 9.3-ஐ ஏற்றது, அது 2018-லேயே முடிந்த பதிப்பு. பயனருக்கு இது தாராளம். ஆனால் இத்தகைய தாராளம் சோதனையோடு சேர்ந்து வந்தால்தான் மதிப்பு. சோதிக்காத குறைந்தபட்சம் வெறும் பழைய வரி.

சோதனைதான் உண்மையான செலவு. ஐந்து பைத்தான் பதிப்பு, ஐந்து போஸ்ட்கிரெஸ் பதிப்பு என்றால் 25 ஓட்டங்கள். மைஎஸ்கியூஎல், மரியாடிபி சேர்ந்தால் இன்னும் பெருகும். எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டத் தேவையில்லை. மிகப் பழையதோடு மிகப் பழையதும், மிகப் புதியதோடு மிகப் புதியதும் எப்போதும் ஓடினால், இடையிலுள்ளவற்றை இரவு ஓட்டத்துக்கு விடலாம். பழைய மூலையைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டுக் கையேட்டில் மட்டும் வைத்திருப்பதுதான் கூடாதது.

உயர்த்தும்போது இடையில் ஒரு பாலம் விட வேண்டும். பயனர் தரவுத்தளத்தையும் மென்பொருளையும் ஒரே இரவில் மாற்ற முடியாது; பழைய, புதிய தரவுத்தளப் பதிப்புகள் இரண்டையும் ஏற்கும் ஒரு மென்பொருள் பதிப்பு நடுவில் இருந்தாக வேண்டும். கிட்லேப் 17, போஸ்ட்கிரெஸ் 14-இலும் ஓடும், 16-இலும் ஓடும். 17-இல் இருந்துகொண்டே தரவுத்தளத்தை 16-க்கு ஏற்றிவிட்டால் 18-க்குப் போவது எளிது. தரவுத்தள அப்கிரேட்டை மக்கள் தள்ளிப்போடுவது சோம்பலால் மட்டுமல்ல. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு, 2018-இல் வந்தது, சொற்களின் வரிசை விதிகளை மாற்றியது. இயங்குதளத்தை மாற்றிவிட்டு உரை இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டாதவர்களுக்கு, இருக்கும் வரிசையையே "இல்லை" என்று போஸ்ட்கிரெஸ் சொன்னது. அதைப் பார்த்த நிர்வாகி அடுத்த முறை பேக்கப் எடுத்து, ஒத்திகை பார்த்து, ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொண்டுதான் தொடுவார். ஆகவே அறிவிப்பு ஒரு வெளியீட்டுக்கு முன்பே வர வேண்டும். எண் மாறுவது பெரிய வெளியீட்டில் மட்டும் இருக்க வேண்டும். பழைய கிளைக்குச் சில காலம் பாதுகாப்புத் திருத்தமாவது தொடர வேண்டும்.

சரிபார்ப்பு நிகழும் இடமும் முக்கியம். மென்பொருள் தொடங்கும்போதே, மைக்ரேஷன் எதுவும் ஓடுவதற்கு முன் பதிப்பைப் பார்த்து நிறுத்த வேண்டும். போஸ்ட்கிரெஸில் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். பாதியில் பிழை வந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் அத்தகைய ஒவ்வொரு கட்டளையும் உடனே உறுதியாகிவிடும். ஏழு மாற்றங்களில் நான்காவது, பழைய பதிப்பு அறியாத இலக்கணத்தில் விழுந்தால் முதல் மூன்றும் நிலைத்துவிடும். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. பிழைச் செய்தியில் தேவைப்படும் பதிப்பு, இருக்கும் பதிப்பு, இந்தத் தரவுத்தளத்தோடு ஓடக்கூடிய கடைசி மென்பொருள் வெளியீடு ஆகிய மூன்றும் இருந்தால் நள்ளிரவில் அதைப் படிப்பவருக்கு வேறெதுவும் தேட வேண்டியதில்லை.

எண் உயர்ந்தபின் துப்புரவு வேலை மிஞ்சும். பழைய பதிப்புக்கான கிளை நிபந்தனைகள், கொடிகள், இரட்டைக் குவரிகள், சோதனைக் கட்டங்கள், கையேட்டு வரிகள் எல்லாம் நீக்கப்பட வேண்டும். இதைச் செய்யாத திட்டம் எண்ணை உயர்த்தியதன் இழப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு பலனை விட்டுவிடுகிறது. பழைய மைக்ரேஷன் கோப்புகளை மட்டும் எளிதில் நீக்க முடியாது. புதிய நிறுவலும் அவற்றின் வழியாகவே வருமென்றால் அவற்றிலுள்ள பழைய ஏற்பாடுகள் தங்கிவிடும். ஸ்கீமாவில் ஏறிவிட்டவை அதைவிட நீண்டகாலம் நிற்கும். 767 பைட் வரம்பு மைஎஸ்கியூஎல் 5.7-லேயே போய்விட்டது; வேர்ட்பிரஸின் ஸ்கீமா கோப்பில் இன்டெக்ஸ் நீளம் இன்றும் 191-தான்.